காலைப் பார்க்காமல் விற்ற செருப்பு

நான் ஒரு பெண்ணுக்குப் பொய் சொல்லிச் செருப்பு விற்றேன். அந்தச் செருப்பால் அவளுக்கு வரவேண்டிய வேலை வராமல் போனது. பிறகு அவள் கடைக்கு வந்து, தன் காலை ஒரு தடவை பார்க்கும்படி கேட்டாள். நான் பார்க்கவில்லை.

நம் செருப்புக் கடையின் பெண்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி முதலாளியின் மகள் கேட்டார். "சார், ஒரு லேடிக்கு அவசியமா வேண்டிய செருப்பு, பை, வாட்ச், எல்லா டிரெஸ்சுக்கும் ஒத்துப்போற மாதிரி எப்படி எடுத்துக் காட்டறதுன்னு உங்க பாணியில எழுதுங்க. அவங்க புதுசு, பாவம்" என்றார். திருப்பாலைவனத்தில் என் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு எழுத உட்கார்ந்தேன். நிறம், ஹீல்ஸ் உயரம், பையின் அளவு என்று தொடங்கிய மூன்று தாள்களையும் கிழித்துப் போட்டேன். எதைத் தொடங்கினாலும் வனஜா வந்து நின்றாள். அதனால் அவளிடமிருந்தே தொடங்குகிறேன். முதலாளியின் மகள் கேட்டதும் இதற்குள்தான் இருக்கிறது.

நான் வரலாற்றில் முதுகலை படித்தவன். ஆசிரியர் வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு பொன்னேரியில் நம் கடையில் சேர்ந்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. சில காலத்துக்குப் பிறகு நானும் தேடவில்லை. ஆனால் இந்த இடம் எனக்குரியது இல்லை என்ற மிதப்பு மட்டும் வெகுநாள் இருந்தது. மற்றவர்கள் செருப்பு விற்கிறார்கள், நான் தற்காலிகமாக விற்கிறேன் என்று ஒரு நினைப்பு. அடுத்தவர் காலைத் தொடுகிற தொழிலில் இருந்துகொண்டு அப்படி நினைப்பவன் எந்தக் காலைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று தரம் பிரிக்கத் தொடங்கிவிடுவான். நான் பிரித்தேன்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அப்போதைய தலைமை விற்பனையாளர். பருத்த உடம்பு, மூட்டு வலி வேறு. இருந்தாலும் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் அந்தக் குட்டை ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்துவிடுவார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே வந்தவரின் பாதம் அவர் கையில் இருக்கும். சைஸ் கேட்கமாட்டார். "எங்கெங்க போவீங்கம்மா?" என்றுதான் கேட்பார்.

ஒரு முறை கல்யாணக் கூட்டம் ஒன்று வந்தது. பெண்ணின் அம்மா, இரண்டு அத்தைகள், ஒரு சித்தி. முகூர்த்தப் புடவைக்குத் தங்க நிறத்தில் ஒன்று, வரவேற்புக்கு வெள்ளி நிறத்தில் ஒன்று, மறுவீட்டுக்குச் சிவப்பில் ஒன்று என்று ஆளாளுக்கு எடுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம், அன்றைய விற்பனை அங்கேயே முடிந்துவிடும் போலிருந்தது. அவரோ மணப்பெண்ணின் எதிரே உட்கார்ந்து, "எந்த ஊர்லம்மா குடுத்திருக்காங்க?" என்றார். "காட்டூர்" என்று அத்தை பதில் சொன்னார். அவர் அத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரோட்டுலேர்ந்து வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று பெண்ணிடமே மறுபடியும் கேட்டார்.

"வரப்பு மேல" என்றாள் அந்தப் பெண். கடைக்கு வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவளைத் தவிர எல்லாரும் அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எழுந்து போய்த் தட்டையான அடியும் அகலமான முன்பக்கமும் கொண்ட ஒரு ஜோடியை எடுத்துவந்தார். காப்பிப்பொடி நிறம். "பட்டுக்கும் இது அடக்கமா இருக்கும், வரப்புலயும் வழுக்காது" என்றார். மற்றப் பெட்டிகளை எல்லாம் அவரே மூடினார். அத்தைகள் முணுமுணுத்தார்கள். முதலாளி அன்று மாலை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் காட்டூர் வீட்டுப் பெண்கள் இன்றுவரை நம் கடைக்குத்தான் வருகிறார்கள்.

இவ்வளவையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பார்த்ததெல்லாம் மனதில் இருந்தது. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

கடலோரக் குப்பங்களிலிருந்து வரும் பெண்களுக்காக வாசல் பக்கம் ஒரு கூடை வைத்திருந்தேன். அதில் ரப்பர் செருப்புகள் கிடக்கும். கேட்ட நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்து அங்கேயே அனுப்பிவிடுவேன். அவர்கள் அதைத் தாண்டி உள்ளே வந்ததில்லை என்று முதலில் எழுதினேன். நான் வரவிட்டதில்லை என்பதுதான் சரி. மீன் வாடை சோபாவில் ஏறிவிடும், மற்ற வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். அதற்குள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வு பெற்றிருந்தார். தலைமை விற்பனையாளர் நான்தான்.

ஒரு நாள் மதியம் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் மீன் விற்று முடித்த அன்னக்கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். மகள்தான் வனஜா. பி.காம். முடித்திருந்தாள்.

"அண்ணா, எம் பொண்ணுக்குக் கண் ஆஸ்பத்திரில வேல போட்டுக்கிறாங்க. நல்லதா ஒரு செருப்பு குடு" என்றார் தாய்.

"வேல இல்லம்மா, இன்டர்வியூ" என்றாள் மகள்.

"குடுக்கறதுக்குத்தானடி கூப்புடுவாங்க? சும்மா மூஞ்சப் பாத்து அனுப்பறதுக்கா கூப்புடுவாங்க?"

வனஜா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "ஒரே ஜோடிதான் சார் வாங்கப் போறேன். வேலைக்கும் அதான், பஸ்சுக்கும் அதான், கல்யாணம் காதுகுத்துன்னா அதுக்கும் அதான். எல்லாத்துக்கும் ஒத்துவர மாதிரி ஒண்ணு காட்டுங்க. அதுக்கேத்த மாதிரி ஒரு பை."

இதைவிடத் தெளிவாக எந்த வாடிக்கையாளரும் என்னிடம் தன் தேவையைச் சொன்னதில்லை. ஒரு பெண்ணுக்கு அவசியமானது எது என்று உங்களுக்காக என்னைக் கேட்டதற்கு அன்றே அவள் பதில் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

"என்ன சைஸ்?" என்றேன்.

"தெரியாது சார். அளந்து பாருங்க."

ஸ்டூல் என் காலடியிலேயே இருந்தது. சோபாவில் வசதியான வீட்டுப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் இந்தப் பெண்ணை உட்காரவைத்து, காலைக் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கவுன்டருக்குப் பின்னால் நின்றபடியே கண்ணால் அளந்தேன். நெடுநாளாக விலைபோகாமல் கிடந்த ஒரு பெட்டியை எடுத்து நீட்டினேன். ரெக்சின் செருப்பு, ஒடுங்கிய முன்பக்கம், கணுக்காலைச் சுற்றி ஒரு வார், அதில் தங்க நிற பக்கிள். அதே நிறத்தில் சங்கிலி கோத்த சின்னப் பை ஒன்றும் கொடுத்தேன். கைக்குட்டையைத் தவிர அதில் வேறெதுவும் கொள்ளாது.

வாசலோரம் ஓர் அட்டையின்மேல் நின்று போட்டுப் பார்த்தாள். "முன்னாடி புடிக்குது சார்."

"போடப் போட இளகிடும்மா."

இதுதான் அந்தப் பொய். தோல் இளகும், ரெக்சின் இளகாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

தாய் பக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது உப்புத் தண்ணி தாங்குமா அண்ணா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் சோபாவில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே, "ஆபீஸ் போற பொண்ணு எதுக்கும்மா உப்புத் தண்ணில நிக்கப் போவுது?" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரித்ததால் அந்தத் தாயும் சிரித்தார். வனஜா சிரிக்கவில்லை.

ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து அவள் மட்டும் வந்தாள். செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து கவுன்டர் கண்ணாடிமேல் வைத்தாள். அடி பிளந்திருந்தது. தங்க நிறம் போய் பக்கிள் துருவேறி, வார் அதில் இறுகிக் கிடந்தது. 

"தண்ணி பட்டா கேரண்டி கிடையாதும்மா" என்றேன், அவள் வாயைத் திறப்பதற்குள்.

"கேரண்டி கேக்க வர்ல சார்" என்றாள். குரல் ஏறவில்லை. "போடப் போட இளகும்னு சொன்னீங்க. அதனால வாங்கினதுலேர்ந்து தெனமும் போட்டேன். கர மேலயும் போட்டேன், ஏலத்துக்கும் போட்டேன், இளகட்டும்னு. எங்க ஊர்ல ஈர மணல் இல்லாத எடம் எது? உப்பு ஏறிப்போச்சு."

பிறகு நடந்ததைச் சொன்னாள். அந்தக் கண் மருத்துவமனையில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நேர்முகத்துக்கு வந்த மற்றப் பெண்கள் காலை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். இவளுக்கு பக்கிள் திறக்கவில்லை. படியில் குந்தி இழுத்துப் பார்த்தாள், நகத்தால் நெம்பிப் பார்த்தாள். உள்ளே இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை காலைத் திருகி வலுக்கட்டாயமாக உருவிக்கொண்டு ஓடினாள். வெள்ளைத் தரையில் அவள் குதிகால் பட்ட இடமெல்லாம் ரத்தம். நேர்முகம் செய்தவர்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"காசும் வேணாம், வேற செருப்பும் வேணாம்" என்றாள். "எங்கால ஒரு தடவ பாருங்க. அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்."

நான் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கிளைப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தேன். "பொதுவா இதெல்லாம் கம்பெனி டிஃபெக்ட்ல வராதும்மா" என்று ஏதோ சொன்னேன். தலையைக் குனிந்து அவள் காலை மட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

அவள் செருப்பை அங்கேயே விடவில்லை. பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று நம் பழைய தலைமை விற்பனையாளர் கடைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது வந்து டீ குடித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். டீ வந்தது. அவர் வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு எழுந்தார். "ஸ்டூல் எங்க?" என்று கேட்டார். நான் தேடினேன். யாரோ அதன்மேல் பழைய பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். அதன்பின் அவர் கடைக்கு வந்ததாக நினைவில்லை.

அடுத்த வாரம் நானாகவே அந்த மருத்துவமனைக்குப் போனேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான். மேலாளர் இளைஞர். நான் விவரம் சொன்னதும், "ஓ, வாசல்லயே ஒக்காந்துட்டு இருந்துச்சே, அந்தப் பொண்ணா? ஃப்ரன்ட் டெஸ்குக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பா வேணும் சார்" என்றார். சூரியன் வருமுன் எழுந்து கரையில் மீன் பிரித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன பெண்ணைப் பற்றி அவர் சொன்னது அது. தவறு என்னுடையது, செருப்பினுடையது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்த இடத்துக்கு ஆள் வந்தாகிவிட்டது என்றார்.

பிறகு என் விடுமுறை நாளில் குப்பத்துக்குப் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். இத்தனை காலம் அந்தப் பெண்களுக்குச் செருப்பு விற்றும், அவர்கள் நடக்கிற தரையை நான் பார்த்ததில்லை. கடையிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். காலையில் படகுகள் வந்து ஒதுங்கியிருந்தன. மணல் முழுக்க வலைகள் விரித்துக் கிடந்தன. நான் அலுவலகத்துக்குப் போகிறவன் மாதிரி லேஸ் கட்டிய ஷூ அணிந்து போயிருந்தேன்.

"சார், சார்! வல மேல காலு வெக்காத! செருப்பக் கழட்டு!" என்று ஓர் அம்மாள் அலறினார். அங்கே வலையின் பக்கத்திலோ படகின் மேலோ யாரும் செருப்புக் காலோடு போகமாட்டார்கள். சாப்பாடு போடுகிற பொருள் என்று அவ்வளவு மரியாதை. நான் அவசரமாக லேஸை இழுத்தேன். அது முடிச்சாகிவிட்டது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன்.

"இன்னா சார், டான்ஸ் ஆடறியா?"

"ஏய், யாருன்னு தெர்ல? பொன்னேரி செருப்புக் கடக்காரரு!"

"அய்ய, செருப்பு விக்கறவருக்கே செருப்பு கழட்டத் தெர்லமே!"

கரை முழுக்கச் சிரிப்பு. இறால் பிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் வனஜாவும் இருந்தாள். அவளும் சிரித்தாள், ஒரு நொடி. பிறகு என்னை அடையாளம் தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

நான் அங்கே கண்டதை எழுத ஆசையாக இருக்கிறது. ஒரு வியாபாரி இறாலுக்கு ஐஸ் போதவில்லை என்று விலையைக் குறைக்கப் பார்த்தான். வனஜா எழுந்து அவன் பெட்டியையே திறந்து காட்டி, அவன் கொண்டுவந்த ஐஸ்தான் உருகியது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவன் பழைய விலைக்கே எடுத்துக்கொண்டான். பேசியபடியே அவள் கை தன் பக்கவாட்டில் தொங்கிய பைக்குள் போய் ஒரு துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டது. அந்தப் பையைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். நான் விற்ற பை. சங்கிலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வலைக்கயிற்றை மூன்றாகப் பின்னி நீளமான வாராகக் கட்டியிருந்தாள். ஒரு தோளிலிருந்து மறு இடுப்புக்குக் குறுக்கே தொங்கியது. இரண்டு கையும் வேலைக்கு. பக்கங்களைப் பிரித்து இடையில் துணி வைத்துத் தைத்து, கொள்ளளவையும் பெரிதாக்கியிருந்தாள். என் கடையில் அன்றைக்கு அதைவிட நல்ல பை இல்லை.

மற்றப் பெண்களையும் பார்த்தேன். வளையலில் கோத்த ஊக்குகள் புடவையைப் பிடித்தன, அறுந்த செருப்பு வாரைச் சேர்த்தன, காலில் ஏறிய முள்ளை எடுத்தன. கூடைக்கு அடியில் தலையில் வைக்கும் துணி, வேலை முடிந்ததும் முகம் துடைத்தது, பிறகு பஸ்சில் மடியில் விரிந்தது. ஒரு பொருளுக்கு ஒரே வேலை என்பது அங்கே கிடையாது. தேவையில்லாத ஒன்றைக்கூட அவர்கள் உடம்பில் நான் காணவில்லை. ஆனாலும் ஒவ்வொருத்தியும் அழகாக இருந்தாள். தலையில் கனகாம்பரம், காதில் பளிச்சென்று தோடு. அவசியமும் அலங்காரமும் சண்டையில்லாமல் இருந்த இடம் அது.

வனஜாவின் அம்மா என்னை ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்காரச் சொன்னார். "அந்தச் செருப்பு என்னாச்சும்மா?" என்று கேட்டேன்.

"நண்டு வலைக்கு மெதப்பாக் கட்டலாம்னு பாத்தோம் அண்ணா. அதுக்கும் ஒதவல. முழுவுது."

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன், பிறகு மருத்துவமனைக்குப் போய்ப் பேசியதைச் சொன்னேன். வனஜாவின் முகம் மாறியது.

"உங்கள யாரு சார் அங்க போவச் சொன்னது? நான் செருப்பால தோத்தேன்னு ஊர்பூரா சொல்லுவீங்களா?"

நான் கொண்டுபோயிருந்த இரண்டு பெட்டிகளையும் அளவுப் பலகையையும் வெளியே எடுத்தேன். "தப்புதாம்மா. அதுவும் தப்பு, இதுவும் தப்பு. காலைக் காட்டு, அளந்து சரியானதா ஒண்ணு தரேன்" என்றேன்.

அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அன்னிக்குப் பாக்கச் சொன்னேன் சார். நீங்க செருப்பத்தான் பாத்தீங்க. இன்னிக்கு வேணாம்."

"வேற என்ன செய்யட்டும்?"

இறாலைப் பிரித்தபடியே சொன்னாள். "எங்கம்மாவ அன்னிக்குச் சிரிக்க வெச்சீங்க இல்ல? அவங்களக் கடைக்கு இட்டுக்கினு வரேன். உள்ள சோபால குந்த வெச்சு, நீங்க ஸ்டூல்ல குந்தி அளவெடுங்க. கூட்டம் இருக்கற நாளா வரேன்."

"ஏ போடீ, எனக்கு இன்னாத்துக்குச் சோபா!" என்றார் அம்மா.

"உனுக்கு இல்லம்மா. அவருக்கு" என்றாள் வனஜா.

சொன்னபடி, பண்டிகைக்கு முந்தைய ஒரு கூட்ட நாளில் வந்தார்கள். அம்மா வெளிக்குழாயில் கால் கழுவிக்கொண்டு வந்து சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். பாதத்தைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழைய வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் சற்று நகர்ந்து மூக்கருகே கைக்குட்டையை வைத்துக்கொண்டார். வருடா வருடம் குடும்பத்துக்கே வாங்குகிறவர். "சார், எங்களுக்கு முதல்ல பாருங்க. இவங்க காத்திருப்பாங்க" என்றார். முதலாளி கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்களுக்கு முடிச்சிட்டு வரேம்மா" என்றேன். அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். நான் வனஜாவின் அம்மாவிடம், "காலைக் குடுங்கம்மா" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்தாள்.

அந்தப் பாதத்தைக் கையில் வாங்கிய கணம் எனக்கு வெட்கமும் வியப்பும் சேர்ந்து வந்தன. பெருவிரல் மற்ற விரல்களை விட்டு விலகித் தனியே நின்றது. ஈர மணலைக் கவ்விக் கவ்வி நடந்த விரல் அது. ஓரங்களில் கிளிஞ்சல் கிழித்த வெள்ளைத் தழும்புகள். முன்பாதம் விசிறிபோல் அகன்றிருந்தது. மகளுக்கும் இதே அகலம்தான் இருக்கும். அதைத்தான் நான் அந்த ஒடுங்கிய செருப்புக்குள் தள்ளியிருக்கிறேன்.

"எங்கெங்க போவீங்கம்மா?" என்று என் ஆசிரியர் கேட்ட கேள்வியையே கேட்டேன்.

பின்னால் நின்ற வனஜா, "அது பாதிதான் சார். எங்கெங்க கழட்டுவாங்கன்னு கேளுங்க" என்றாள்.

கேட்டேன். அம்மா விரல்விட்டுச் சொன்னார். படகுகிட்ட, வலைகிட்ட, அம்மன் கோயில்ல, மீன் குடுக்கற வீட்டு வாசல்ல, டாக்டர் ரூம்ல, பேரன் ஸ்கூல்ல. "தல மேல கூடை இருக்கறப்ப குனிய முடியாது அண்ணா. ஒதறினா கழலணும், நொழச்சா மாட்டிக்கணும். மத்தபடி சோக்கா இருந்தா சந்தோஷம்."

யோசித்துப் பாருங்கள். நம் ஊர்ப் பெண் ஒருத்தி ஒரு நாளில் செருப்பை எத்தனை வாசல்களில் விடுகிறாள்! ஆசிரியையும் அப்படித்தான், நர்சும் அப்படித்தான். அணிந்திருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டி நாம் விற்கிறோம். எல்லாத்துக்கும் ஒத்துவரும் செருப்பு என்றால் எல்லா வாசலிலும் சுலபமாகக் கழலும் செருப்பு என்பதை ஒரு கண் மருத்துவமனையின் படியில் ரத்தம் சிந்தி அந்தப் பெண் கண்டுபிடித்தாள். பையும் அப்படித்தான். இரண்டு கையையும் விடுவிக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறம் பிறகு. கடிகாரம் வாங்க வந்தால், கை தண்ணீரில் நனைகிற வேலையா என்று கேட்டுவிட்டு அலமாரியைத் திறங்கள்.

உலோகம் இல்லாத, ஒட்டு இல்லாத, ஒரே வார்ப்பில் செய்த செருப்பு ஒன்றை எடுத்துவந்தேன். அகலமான முன்பக்கம், திறந்த பின்பக்கம், அதே காப்பிப்பொடி நிறம். போட்டுவிட்டுத் தரையோரக் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்காலாடி?" என்றார் மகளிடம். "நல்லாத்தான் கீது!"

வனஜா திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். மறுநாள் வாசல் கூடையை எடுத்து, ரப்பர் செருப்புகளை உள்ளே மற்றவற்றோடு அடுக்கினேன். முதலாளி ஏன் என்று கேட்கவில்லை.

சில மாதங்களில் மீஞ்சூர்ப் பக்கம் மீன் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் வனஜாவுக்கு வேலை கிடைத்தது. அவள் அம்மாதான் வந்து சொன்னார். நேர்முகத்துக்கு வீட்டிலிருந்த நீல வார் ரப்பர் செருப்பைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெளுக்கக் கழுவி அணிந்து போனாளாம். "புதுசு வாங்கிக்கடின்னேன் அண்ணா. வாசல்ல கழட்ட ஒரு நொடி போதும், இதான் லச்சணம்னுட்டா."

இப்போது அவள் அங்கே பொறுப்பான பதவியில் இருக்கிறாள். குப்பத்துப் பெண்களில் யாருக்காவது முதல் வேலை கிடைத்தால் நம் கடைக்குத்தான் அழைத்துவருகிறாள். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கயிறு பின்னிய பையைக் குறுக்கே போட்டுக்கொண்டு வருகிற பெண். "ஸ்டூல எடுத்துக்கினு வாங்க, எங்கெங்க கழட்டுவாங்கன்னு கேளுங்க" என்று அவள்தான் அதட்டுவாள். அந்தப் பெண்களுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அவர்களை நடக்கவைத்து, உட்காரவைத்து, கழற்றவைத்து, பிறகே தலையாட்டுவாள். அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தெரியும் சந்தோஷத்துக்காகவே ஓய்வு பெற்ற பிறகும் சில நாள் கடைக்கு வந்து நின்றிருக்கிறேன்.

அந்த முதல் ஜோடிக்குப் பிறகு அவள் தனக்கென்று நம்மிடம் எதுவும் வாங்கியதில்லை. அவள் அணிந்து வருவது வேறு கடைச் செருப்பு. கடைசியாக நான் பணியில் இருந்த வாரம் அவள் வந்தபோது, மற்றவர்களுக்கு முடித்ததும் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன். "எனக்கு வேணாம் சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அம்மா சௌக்கியம் என்றாள். அந்தக் குதிகாலில் தழும்பு இருக்கிறதா, மறைந்துவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் வந்தால் ஸ்டூலை எடுத்துப் போடுங்கள். காலைக் காட்ட அவள் உட்காரமாட்டாள். இருந்தாலும் போடுங்கள்.